வெற்றிடத்தில் பின்தங்கிய ஒளி

எனக்கு இயற்பியலில் பட்டம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இயற்பியல் ஆய்வு மையத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்றதும் பலர் என்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் படித்தது பி.எஸ்ஸி. கணிதம். பிறகு ஆறு மாதம் புரோகிராமிங் வகுப்பு, பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினி அறையில் சில வருடங்கள். அங்கிருந்தபோது செய்தித்தாளில் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டேன். தொழில்நுட்ப உதவியாளர் என்ற பதவியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்போது அந்தப் பெயருக்கு முன்னால் 'முதுநிலை' என்ற சொல் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சென்ற மாதம் மையத்தின் புதிய ஆய்வு மாணவர்கள் சிலர் என்னை அழைத்துப் பேசச் சொன்னார்கள். அங்கே புதிய இயந்திரம் வந்திருக்கிறது. நாங்கள் ஒன்பது நாள் ஓட்டிய கணக்கை, அவர்கள் கேன்டீனுக்குப் போய்த் திரும்புவதற்குள் அது முடித்துவிடுகிறது. அவ்வளவு நாள் ஓட்டிய கணக்கு தப்பாகிப் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. எழுதினால் ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் மையம் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில், ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மூன்று மாடிக் கட்டிடத்தில் இருந்தது. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். எங்கள் பிரிவில் பரிசோதனைக் கருவி என்று எதுவும் கிடையாது. இருந்தவை கணினிகள் மட்டும். ஆனாலும் நாங்கள் செய்தது துகள் முடுக்கி வேலைதான்.

எலக்ட்ரான்களை மிக வேகமாக ஓடவைக்கும் இயந்திரத்துக்குத் துகள் முடுக்கி என்று பெயர். வழக்கமான முடுக்கி பல நூறு அடி நீளம் போகும். அதே வேலையை ஒரு அரிசியின் நீளத்துக்குள் முடிக்க ஒரு வழி இருக்கிறது. வாயுவுக்குள் மிகச் சக்தி வாய்ந்த லேசர் துடிப்பு ஒன்றைச் செலுத்த வேண்டும். வாயுவின் அணுக்கள் உடைந்து எலக்ட்ரான்கள் தனியாகப் பிரிந்துவிடும். அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். லேசர் அந்த எலக்ட்ரான்களை விலக்கிக்கொண்டு போகும், அவை திரும்பி ஓடிவரும். படகுக்குப் பின்னால் நீரில் அலை எழுவது போல லேசருக்குப் பின்னால் ஓர் அலை எழும். அந்த அலையில் ஏறிக்கொண்ட எலக்ட்ரான்கள் நம்ப முடியாத வேகம் பெறும். இப்படி நடக்குமா, எந்த அளவு வாயுவில் நடக்கும் என்பதைக் கணினிக்குள் லட்சக்கணக்கான துகள்களை ஓடவிட்டுப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. நாங்கள் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் உண்மையான லேசரை உண்மையான வாயுவுக்குள் சுடுவார்கள்.

எங்கள் கணினி என்றால் பன்னிரண்டு சாதாரண கம்ப்யூட்டர்களை ரிச்சி தெருவில் வாங்கி, இரும்பு ராக்கில் அடுக்கி, ஒன்றாக இணைத்த கூட்டம். அதைக் குளிர்விக்க இரண்டு ஏசி. ஏசியைச் சரிபார்க்க வரும் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பார். "ரூம்ல ஆளே இல்ல மேடம், யாருக்கு ரெண்டு ஏசி ஓடிக்கினு கீது?" அவருக்கு நான் விளக்கம் சொன்னதில்லை.

பிரிவின் தலைவர் வேதநாயகம் சார். கிழக்குத் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வருவார். கால்சட்டையின் ஓரத்தில் துணி காயப்போடும் கிளிப் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். வயதில் சின்னவர்கள் உட்பட எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. முடிவுத்தாளை நின்றபடியேதான் வாசிப்பார். நம்பிக்கை வராத எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். பிறகு, "எதை வச்சு சொல்றீங்க?" என்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் அறைக்குள் போகக் கூடாது என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. பெரிய கணக்கு ஒன்றை ஓட்டுவதற்கு முன்னால் மூன்று ஒத்திகை பார்க்க வேண்டும். முதலில் காலிப் பெட்டி. அதாவது வாயு எதுவும் இல்லாமல் லேசரை மட்டும் விட வேண்டும், அது ஒளியின் வேகத்தில் நேராகப் போக வேண்டும். இரண்டாவது, லேசர் இல்லாமல் பிளாஸ்மாவை மட்டும் விட வேண்டும், அது சூடாகாமல் சும்மா கிடக்க வேண்டும். மூன்றாவது, மிகப் பலவீனமான லேசர். அதற்கு என்ன நடக்கும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் சரியாக வந்தால்தான் நிஜக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் நீளமான பதிவேட்டில் ஒரு பக்கம். கேட்டவர் யார், முந்தைய கணக்கிலிருந்து மாற்றிய ஒரே ஒரு விஷயம் என்ன, ஒத்திகை மூன்றிலும் என்ன வந்தது என்று எழுதுவேன். கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே சாருடையது.

இரண்டாயிரத்தைத் தாண்டி நாலைந்து வருடம் இருக்கும். அப்போது எங்களிடம் சுமதி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முப்பத்து நாலு வயது, ஒரு பெண் குழந்தை. கணவர் மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவளும் அந்தப் பக்கத்து என்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். ஆராய்ச்சியை முடிக்கக் கல்லூரியில் நீண்ட விடுப்பு வாங்கியிருந்தாள். விடுப்பு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போனதும் பதவி உயர்வு. இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சுமதி என்னை 'ரஹ்மத்தக்கா' என்று கூப்பிட்டவள். மாலையில் இருவரும் பேசிக்கொண்டே சானடோரியம் ஸ்டேஷன் வரை நடப்போம். அவள் செங்கல்பட்டு வண்டி, நான் பீச் வண்டி. யாருடைய வண்டி முதலில் வந்தாலும் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவோம். எனக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது.

அதுவரை எங்கள் புரோகிராம் ஒரு கோட்டில் மட்டும் துகள்களை ஓடவிடும். அதை அகலமும் உள்ள தளத்தில் ஓடுமாறு மாற்றி எழுதியது நான். எட்டு மாத வேலை. அதில் ஓட்டிய முதல் பெரிய கணக்கிலேயே சுமதிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. லேசருக்குப் பின்னால் எழுந்த அலையில், திரையில் ஒரு குண்டூசித் தலை அளவுக்கு எலக்ட்ரான்கள் கூட்டமாக ஏறியிருந்தன. எல்லாம் ஏறத்தாழ ஒரே ஆற்றல். அப்படிச் சீரான கற்றையைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அடர்த்தி வாயுவிலேயே வந்துவிட்டது. சார் தாளை நின்றபடி இரண்டு முறை வாசித்தார். புள்ளி எதுவும் வைக்கவில்லை. சுமதி அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் மேசைக்கு எதிரே ஒட்டிக்கொண்டாள். வடக்கே இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அடர்த்தி எண் போயிற்று. அவர்கள் அதற்கேற்ப வாயுவைப் பீய்ச்சும் குழாய் முனையைச் செய்யச் சொல்லிவிட்டு, லேசருக்கு நாளும் குறித்தார்கள்.

ஆய்வேடு தட்டச்சாகி முடிந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தாள். கடைசியாக ஒரு படம் மட்டும் வேண்டும், வாய்மொழித் தேர்வில் காட்ட, என்று என்னிடம் கேட்டாள். லேசர் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் படம். பழைய ஒரு கோட்டுக் கணக்கையும் புதிய கணக்கையும் ஒரே தாளில் போட்டால் அழகாக இருக்கும் என்று நானாகவே இரண்டையும் சேர்த்தேன்.

இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. புதியதில் லேசர் கொஞ்சம் பின்னால் இருந்தது.

பிளாஸ்மாவுக்குள் லேசர் சற்றுப் பின்தங்குவது இயற்கைதான். அதனால்தான் அதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் எவ்வளவு பின்தங்க வேண்டும் என்பதற்குச் சார் எழுதிக் கொடுத்த சூத்திரம் என்னிடம் இருந்தது. போட்டுப் பார்த்தேன். பழைய கணக்கு சூத்திரத்தோடு ஒத்துப்போயிற்று. புதியது ஏறத்தாழ இரண்டு மடங்கு பின்தங்கியிருந்தது.

பதிவேட்டை எடுத்தேன். புதிய புரோகிராமின் முதல் பக்கம். காலிப் பெட்டி என்ற இடத்துக்கு எதிரே, 'முன்பே பார்த்தாகிவிட்டது' என்று எழுதியிருந்தது. என் எழுத்து. ஒரு கோட்டுக் கணக்கில் பார்த்ததையே போதும் என்று விட்டிருக்கிறேன். அன்றைக்குச் சுமதி அவசரப்பட்டாளா, மின்வெட்டு வரப்போகிறது என்று நான் பயந்தேனா, நினைவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் எழுதியது நான்.

மறுநாள் சனிக்கிழமை. மையத்தில் யாரும் இல்லை. காலை ஒன்பது மணிக்குக் காலிப் பெட்டியை ஓடவிட்டேன். வாயு இல்லை, எலக்ட்ரான் இல்லை, வெறும் லேசர். எங்கள் புரோகிராமில் திரையே ஒளியின் வேகத்தில் லேசரோடு கூடவே நகரும். ஆகவே சரியாக இருந்தால் லேசர் திரையில் அசையாமல் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒரு படம் வந்தது. ஒவ்வொன்றிலும் அதன் இடத்தை அளந்து எழுதினேன். மூன்றாவது படத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூன்று மணி வரை உட்கார்ந்து பன்னிரண்டு படங்களையும் அளந்தேன். தடுக்க எதுவுமே இல்லாத வெற்றிடத்தில், என் புரோகிராமுக்குள் ஒளி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

காரணம் புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. கணினிக்குள் இடம் என்பது சின்னச் சின்னக் கட்டங்கள். ஒளி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். அகலத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு தாவலின் கால அளவையும் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் கணக்கே வெடித்துவிடும். அப்படிக் குறைத்ததும், கட்டங்கள் போதிய அளவு சிறிதாக இல்லாததால், ஒளி தயங்க ஆரம்பித்திருக்கிறது. லேசர் மெதுவானால் அதன் பின்னால் வரும் அலையும் மெதுவாகும். ஸ்டேஷனை விட்டு வேகமாகக் கிளம்பும் மின்சார ரயிலில் ஓடிப்போய் ஏற எல்லோராலும் முடியாது. அதே ரயில் ஊர்ந்து போனால் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். சுமதியின் எலக்ட்ரான்கள் அப்படித்தான் ஏறியிருந்தன.

மறுநாள் சுமதியின் மகளுக்குப் பிறந்தநாள். முன்பே வருவதாகச் சொல்லியிருந்தேன். போனேன். வீட்டில் பத்துப் பதினைந்து பேர். சுமதி பட்டுப்புடவையில் இருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் என்னை அறிமுகம் செய்துவைத்தாள், இவங்க இல்லேன்னா என் தீசிஸே இல்லை என்று. நான் கேக் வாங்கிச் சாப்பிட்டேன். பெண்ணுக்குக் கலர் பென்சில் டப்பா கொடுத்தேன். சொல்லவில்லை.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மறைக்காமல் சொல்கிறேன், பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் அப்போது யோசித்தேன். வடக்கே சுடுவார்கள். ஒன்றும் வராது. லேசர் சரியில்லை, வாயு சரியில்லை என்பார்கள். பரிசோதனை தோற்பது சகஜம். எங்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. வண்டலூர் தாண்டும்வரை இந்த எண்ணம் இருந்தது. பிறகு அந்தக் குழாய் முனையைக் கடைந்துகொண்டிருக்கும் ஆள் ஒருவர் நினைவுக்கு வந்தார். முன்பின் பார்த்திராத ஆள். நான் அளந்து கொடுத்த எண்ணை நம்பி இரும்பைக் கடைந்துகொண்டிருப்பார்.

திங்கட்கிழமை சார் வந்ததும் பன்னிரண்டு அளவுகளையும் மேசைமேல் வைத்தேன். புதிய கணக்கு தப்பு சார் என்றேன்.

"எதை வச்சு சொல்றீங்க?"

காலிப் பெட்டி என்றேன். அவர் தாளை எடுத்து நின்றபடி வாசித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி வாசித்தார். அவர் உட்கார்ந்து வாசித்து நான் பார்த்தது அன்றுதான். பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து என் எழுத்தைப் பார்த்தார், அதன் கீழே தன் கையெழுத்தையும் பார்த்தார்.

"சுமதிக்குத் தெரியுமா?"

"இல்ல சார்."

"முதல்ல அவங்களுக்குச் சொல்லணும். அப்புறம்தான் வடக்க ஃபோன் பண்ணுவேன். அவங்க வேற யார் மூலமாவும் இதைக் கேக்கக் கூடாது."

சுமதி பத்து மணிக்கு வந்தாள். சார் தானே சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டு நானே சொன்னேன். அவள் தாளைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கத் தேவையில்லை, என்னைவிட இயற்பியல் தெரிந்தவள்.

"பைண்டிங்குக்குக் குடுத்துட்டேனே சார்" என்றாள்.

சார் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எப்போ தெரிஞ்சுதுக்கா உங்களுக்கு?"

"சனிக்கிழமை."

"அப்போ நேத்து எங்க வீட்டுக்கு வந்தப்பவே தெரியும்."

ஆமாம் என்றேன்.

"தீசிஸ் எப்போன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. பத்து நாள்லன்னு நான் சொன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேக் சாப்ட்டுக்கிட்டிருந்தீங்க."

கணக்கில் செய்த தப்புக்காக அவள் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் வெளியே போனதும் சார் ஃபோனை எடுத்தார். தப்பு எங்கள் பக்கம், அடர்த்தி எண்ணை நம்ப வேண்டாம், புதிய எண் தர இரண்டு மாதம் ஆகும் என்றார். எதிர்ப்பக்கம் நீண்ட நேரம் பேசினார்கள். சார் இடையில் மறித்துப் பேசவே இல்லை. யார் செய்த தப்பு என்று கேட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் பிரிவு என்றார். வைத்த பிறகு என் பெயரைச் சொல்லியிருக்கலாமே சார் என்றேன். "நீங்க எழுதினீங்க. நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். இதுல எதைப் பெருசுன்னு சொல்றது?" என்றார். பிறகு பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தில், தன் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி வைத்தார்.

திருத்துவது சுலபம், ஓட்டுவதுதான் கடினம். லேசர் போகும் திசையில் கட்டங்களைப் பாதியாக்க வேண்டும். கட்டங்கள் இரட்டிப்பாகும், கால அளவும் பாதியாகும், ஆக வேலை நான்கு மடங்கு. இரண்டேகால் நாளில் முடிந்த கணக்குக்கு ஒன்பது நாள். அடர்த்தியை மாற்றி மாற்றி ஐந்து கணக்கு. நடுவில் ஒரு முறை மின்வெட்டு யுபிஎஸ் தாங்கும் நேரத்தைத் தாண்டிப் போனது, ஒரு முறை ஏசி நின்றது. நான்காவது கணக்கை ஆறாம் நாள் சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் காலிப் பெட்டியில் தொடங்கினேன். லேசர் திரையில் நின்ற இடத்தில் நின்றது.

சுமதியின் விடுப்பு முடிந்துவிட்டது. கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். சனிக்கிழமை மட்டும் வருவாள். வேலை பற்றி என்ன கேட்டாலும் பதில் சொல்வாள். 'அக்கா' என்று கூப்பிடவில்லை, 'மேடம்' என்றாள். மாலையில் எனக்கு முன்னால் கிளம்பி, வரும் முதல் வண்டியில் ஏறிவிடுவாள். கடைக்காரர் பொன்னெழுத்துப் போட்ட ஆய்வேட்டைப் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டதால், ஐந்து பிரதிகளையும் அப்படியே வாங்கி வீட்டில் வைத்திருக்கிறாள் என்று சார் மூலம் தெரிந்தது.

பழைய அடர்த்தியில் ஒரு எலக்ட்ரான்கூட ஏறவில்லை. அடர்த்தியைக் கூட்டினால் ஏறின, ஆனால் ஆற்றல் சீராக இல்லை, பரவலாக வந்தது. அந்த எண்ணையே வடக்கே அனுப்பினோம். அவர்கள் வேறு முனை செய்து சுட்டார்கள். திரையில் ஒரு நீளமான கறை போல எலக்ட்ரான்கள் வந்தன. நாங்கள் சொன்ன மாதிரியே, அழகில்லாமல்.

சுமதியின் பதவி உயர்வு இன்னொருவருக்குப் போயிற்று. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத்தான் ஆய்வேட்டைக் கொடுத்தாள். அதில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தாள். கட்டம் பெரிதாக இருந்தால் பொய்யான எலக்ட்ரான் கூட்டம் எப்படி உருவாகும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றி. வாய்மொழித் தேர்வுக்கு நானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார். கடைசியில் இதை முதலில் கவனித்தது யார் என்றார்.

"பின்னாடி உக்காந்திருக்காங்களே, அவங்க சார்" என்றாள் சுமதி. "தப்புப் பண்ணதும் அவங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் என்னைப் பார்த்தாள். அன்று மாலை ஸ்டேஷன் வரை சேர்ந்து நடந்தோம். செங்கல்பட்டு வண்டி முதலில் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பண்டிகைக்கு ஒரு வாழ்த்து, அவளுக்குப் புதிய வேலை கிடைத்தபோது ஒரு ஃபோன், அவ்வளவுதான். வேதநாயகம் சார் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றேன். சுமதி இப்போது ஒரு கல்லூரியில் துறைத்தலைவர், அவளிடமே இரண்டு பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

போன வருடம் ஒரு காலை அவளிடமிருந்து ஃபோன் வந்தது. தன் மாணவி ஒருத்தி ஒரு முடிவைக் கொண்டுவந்திருக்கிறாள் என்றாள்.

"எப்படி வந்திருக்கு?" என்றேன்.

"ரொம்ப அழகா வந்திருக்குக்கா. அதான் பயமா இருக்கு. ஒரு தடவை வந்து பாக்குறீங்களா?"

மறுநாள் போனேன். எனக்குப் புதிய புரோகிராம்கள் பழக்கமில்லை, ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது மறக்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு நாள் தேடியும் தவறு எதுவும் அகப்படவில்லை. மாணவி எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் இருக்கிறது, ஆய்விதழுக்கு அனுப்பிவிடலாம் என்றேன்.

சுமதி மட்டும் இன்னும் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்றாள். பார்த்தோம்.